இலை பதித்த கோப்பை

தாங்கள் வாங்கிவரச் சொன்ன தேநீர் சற்று அதிகமாகக் கொதித்துவிட்டது. தண்ணீர் கொதித்தவுடன் அடுப்பை அணைத்துவிட்டு, அதன் பிறகே தூளைப் போட வேண்டும். பெரும்பாலோர் அணைப்பதில்லை. தளதளவென்று கொதிக்கும்போதே தூளைக் கொட்டிவிட்டுப் பிறகு கசக்கிறது என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆய்வாளர் அம்மா. ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் வீட்டில் தேநீர் போடுபவன் நான்தான்; ஆகவே அதிலிருந்து தொடங்குவதே முறை.

தங்கள் காவலர் எழுதிய வாக்குமூலத்தில் நான் கையெழுத்திட மறுத்ததைத் தவறாகக் கொள்ள வேண்டாம். ஒன்றரைப் பக்கத்தில் பதினோரு பிழைகள் இருந்தன. பிழைகளையாவது பொறுத்திருப்பேன். நான் சொல்லாத ஒரு சொல்லும் அதில் இருந்தது: 'திட்டமிட்டு'. அதை அடிக்கச் சொன்னேன். காவலர் தலையைச் சொறிந்தார். தாங்கள்தாம் பொறுமையிழந்து, "சரி சார், நீங்களே எழுதுங்க. ஒண்ணு விடாம எழுதுங்க. ஆனா முடிக்காம எழுந்திருக்கக் கூடாது" என்று வெள்ளைத்தாள்களை என் பக்கம் தள்ளினீர்கள். ஒப்புக்கொண்டேன். அப்போது சுவர்க்கடிகாரத்தில் மணி ஒன்று பத்து.

மருத்துவமனையின் இந்த அறை எக்ஸ்ரே அறைக்கு அடுத்தது. சுவரின் அப்பாலிருந்து "மூச்சைப் பிடிங்க, விடுங்க" என்று ஒரு குரல் ஓயாமல் கேட்கிறது. இரண்டாம் மாடியில், சன்னல் ஓரத்து ஐந்தாம் கட்டிலில் என் மகள் படுத்திருக்கிறாள். இன்றோடு நான்கு நாள் ஆகிறது. வயிற்றைப் பிசையும் வலி, வாந்தி, மணிக்கட்டில் வலுவின்மை; நேற்று ஒருமுறை வலிப்பும் வந்தது. அறைக்கு வெளியே விசிப்பலகையில் மண்கலப் பட்டறைச் சூளையம்மா உட்கார்ந்திருக்கிறார். தங்கள் மேசைமேல், பிளாஸ்டிக் உறைக்குள், மறைந்த என் மனைவியின் கோப்பை இருக்கிறது. தாங்கள் கேட்டது அந்தக் கோப்பையைப் பற்றி. ஆகவே அதை முதலில் எழுதுகிறேன்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தேன். மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் 'ஒற்று'. ஓர் ஒற்றெழுத்து விடுபட்டால் அரை மதிப்பெண் குறைப்பேன் என்பதால் அந்தப் பெயர். "ஒற்று வருதுடா" என்று ஒருவன் சொன்னால் தாழ்வாரமே காலியாகிவிடும். அதில் எனக்கு வருத்தமில்லை. பயந்து ஓடுபவனுக்கும் நாம் இருப்பது தெரிந்திருக்கிறது அல்லவா? ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, தேய்த்த சட்டை அணிந்து எட்டரை மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் எதற்கும் ஓடவில்லை. பத்தரை மணி வரையில் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

என் மனைவி தையற்காரி. முன்னறையில் இரண்டு இயந்திரங்கள் போட்டுப் பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். சீருடைக்கு அளவெழுதிக் கொடுத்தனுப்பிய ஒரு தாயின் துண்டுச்சீட்டை நான் சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பியனுப்பினேன். அந்தப் பெண் மறுபடி வரவில்லை.

"வாத்தியாரே, அவங்க சட்டை தைக்க வந்தாங்களா, பரீட்சை எழுத வந்தாங்களா?" என்று மனைவி கேட்டாள்.

அடுத்த வாரமே எங்கிருந்தோ ஒரு விளம்பரத்தாளைக் கொண்டுவந்து என்முன் வைத்தாள். ஊர் ஓரத்தில் ஒரு மண்கலப் பட்டறை இருந்தது. அங்கே செவ்வாயும் வெள்ளியும் முதியோருக்கு வகுப்பு நடந்தது. "கைக்கு மண்ணைக் குடுத்தா வாய் கொஞ்சம் சும்மா இருக்கும். போயிட்டு வாங்க" என்றாள். அவள்தான் என்னை அங்கே அனுப்பினாள். இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பட்டறையின் உரிமையாளரை எல்லோரும் சூளையம்மா என்றுதான் அழைப்பார்கள். ஐம்பது வயதிருக்கும். புருவம் எப்போதும் பாதி தீய்ந்திருக்கும். பின்கட்டில், கவிழ்த்துப் போட்ட படகைப் போலச் செங்கல்லால் கட்டிய விறகுச்சூளை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை எரிப்பார்கள். முப்பது மணிநேரம் மாற்றி மாற்றி விறகு போட வேண்டும். அந்தச் சூளையின் அழகு என்னவென்றால், கலங்களின் வெளிப்புறத்தில் யாரும் எதையும் பூச வேண்டியதில்லை. விறகின் சாம்பல் தீயோடு பறந்துவந்து கலங்களின்மேல் உட்கார்ந்து, அங்கேயே உருகிக் கண்ணாடியாகிவிடும். தீ எந்தப் பக்கம் தழுவியது, எந்தப் பக்கம் விலகியது என்பதெல்லாம் கோப்பையின் தோலில் எழுதியிருக்கும்.

ஆனால் சூளையின் பின்கோடியில், புகைபோக்கியை ஒட்டி ஒரு தட்டு உண்டு. "அங்க வர்றதுக்குள்ள தீ களைச்சுப்போயிடும்" என்பார் சூளையம்மா. சாம்பலும் அவ்வளவு தூரம் பறக்காது, சூடும் பாதிதான். அந்தத் தட்டில் சுவரில் ஒட்டும் ஓடுகளை மட்டும் வைப்பார். அவற்றுக்கென்று ஒரு மஞ்சள் பூச்சு, சிவப்பு நாடா ஒட்டிய தகர டப்பாவில் இருந்தது. குறைந்த சூட்டிலேயே பளபளவென்று உருகிவிடும் பூச்சு. புகைபோக்கித் தட்டில் ஓடுகளைத் தவிர வேறெதையும் வைக்கக் கூடாது என்பது பட்டறையின் விதி. விதிக்குக் காரணம் உண்டென்று நான் நினைக்கவில்லை. காரணம் சொல்லாமல் விதி போடுபவர்களை எனக்குப் பிடிக்கும். நானும் அப்படித்தான் வகுப்பை நடத்தினேன்.

என் முதல் கோப்பையைச் செய்ய ஆறு வாரம் பிடித்தது. சக்கரத்தில் அல்ல, மண்ணுருண்டையில் கட்டைவிரலை இறக்கி, சுற்றிச் சுற்றிக் கிள்ளி எழுப்பியது. எங்கள் குளியலறைக் குழாயின் கீழே, ஈரச்சுவரில் ஒரு பெரணி முளைத்திருந்தது. அதிலிருந்து ஒரு கீற்றைக் கிள்ளிக்கொண்டுபோய் ஈரமண்ணில் வைத்து அழுத்தினேன். சூளையில் இலை எரிந்து போய்விடும். அதன் நரம்புகள் மட்டும் மண்ணில் தங்கும். சூளை அடுக்கும் நாளில் முன்தட்டுகள் நிறைந்துவிட்டன. விறகு லாரி வாசலுக்கு வரவே, "மிச்சத்தை நீங்களே அடுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுச் சூளையம்மா ஓடினார். என் கோப்பைக்கு இடமில்லை. இன்னும் மூன்று மாதம் காத்திருக்க என்னால் முடியவில்லை. ஓடுகளுக்கு நடுவே அதை வைத்தேன். சாம்பல் எட்டாத இடத்தில் வெறும் மண்ணாக நின்றுவிடுமே என்று, அந்த மஞ்சள் பூச்சை உள்ளும் புறமும் தடவினேன்.

அன்று எனக்கு எதுவும் தெரியாது. இந்த வாக்கியத்தின் கீழ் நான் கோடிட்டிருப்பதைக் கவனிக்கவும்.

எரித்து முடித்து, மூன்று நாள் ஆறவிட்டு, சூளைவாய்ச் செங்கற்களைப் பிரித்தார்கள். எல்லோரும் முன்வாயில் கூடி நின்றபோது நான் பின்பக்கம் போய் என் கோப்பையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். விதியை மீறியவன் என்று அத்தனை பேர்முன் திட்டு வாங்க விருப்பமில்லை. அவர் ஒருமுறை அதைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தால், இன்று நீங்கள் எல்லோரும் வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கோப்பை அழகாக வந்திருந்தது. தேன் நிறப் பின்னணியில் பெரணியின் ஒவ்வொரு நரம்பும் பொன்னாக ஓடியது. மனைவி அதைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க செஞ்சதா? நிஜமாவா?" என்றாள். பிறகு, "இதுல எங்கயும் ஒரு தப்பும் இல்லையே!" என்று சிரித்தாள்.

முப்பத்தாறு ஆண்டுத் திருமண வாழ்வில் அவள் என்னைப் பாராட்டியது அதுவே முதன்முறை. அன்று முதல் நாளுக்கு மூன்று வேளை அதில்தான் தேநீர்.

மணி ஒன்று ஐம்பது. இப்போது மருத்துவர் உள்ளே வந்தார். தாங்களும் இருந்தீர்கள். "சார், ரத்தத்தை அனுப்பியிருக்கோம், ரிசல்ட் சாயந்திரம்தான் வரும். வெளியே உக்காந்திருக்கிற அந்தம்மா ஈயம்னு சொல்றாங்க. உங்க பொண்ணு அந்தக் கோப்பைல குடிச்சாங்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அது உண்மை. மகள் தன் தாயின் கோப்பையில் ஒருநாளும் குடித்ததில்லை. அதில் வாய் வைக்கவே அவளுக்கு மனம் வராது. மேலே எழுதுகிறேன்.

அந்தக் கோப்பை வீட்டுக்கு வந்த மாதத்திலேயே மனைவி பயணச்சீட்டு எடுத்திருந்தாள். மகள் வேற்றுநாட்டில் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் போடும் வேலையில் இருந்தாள். அவளோடு ஆறு மாதம் இருந்துவிட்டு வருவதாகத்தான் பேச்சு. ஆனால் தையல் இயந்திரங்கள் இரண்டையும் விற்றுவிட்டாள். ஆறு மாதத்தில் திரும்பி வருபவள் எதற்காக இயந்திரத்தை விற்க வேண்டும்? நேரடியாகக் கேட்டேன். அவளும் நேரடியாகவே சொன்னாள்.

"கோபம் ஒண்ணும் இல்லீங்க. களைச்சுப்போச்சு. கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு வாக்கியத்தை நான் முழுசா முடிச்சதில்ல. பாதியிலேயே திருத்திடுவீங்க. போற காலத்துல ஒரு நாலு வாக்கியமாவது முடிக்கணும்னு ஆசையா இருக்கு."

நான் முயற்சி செய்யாதவன் அல்லன். ஒரு மாதம் யாரையும் திருத்த மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினேன். நான்கு நாள் தாங்கியது. அவள் பெட்டியின் சாவியை அரிசி டின்னில் புதைத்தேன். அவள் டின்னைக் கவிழ்த்துச் சாவியை எடுத்துக்கொண்டு, சிந்திய அரிசியையும் கூட்டி அள்ளினாள். காலைப் பிடித்தேன், அப்படி எழுதுவது மரபுத்தொடருக்காக அல்ல, உண்மையாகவே பிடித்தேன். அறுபத்தோரு வயதில் ஒருவன் குளியலறைத் தரையில் உட்கார்ந்து, சத்தம் வெளியே கேட்காதிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுவது எப்படியிருக்கும் என்று அறியத் தங்களுக்கு வயதில்லை. வாளி நிரம்பி வழிந்தது. பெரணி நனைந்து ஆடிக்கொண்டிருந்தது. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் என் குரலைக் கேட்க அந்தப் பெரணியைத் தவிர ஓர் உயிரும் இருக்காது என்று தோன்றியது.

பயணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தபோது அவளுக்கு வயிற்றுவலி வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஒருநாள், பழைய துணி ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவியது. எடுத்தாள், மறுபடி நழுவியது. மணிக்கட்டு நிமிரவில்லை. தன் கையை யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தாள். மருத்துவர் இரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். பயணம் தள்ளிப்போயிற்று. நான் வருத்தப்பட்டேன். வெகுநாளைக்குப் பிறகு நன்றாகவும் உறங்கினேன். இரண்டும் உண்மை.

அதற்கு இரண்டு வாரம் கழித்துப் பட்டறையில் ஒரு பெண்மணி, ஓடுகளுக்கான மஞ்சள் பூச்சை எடுத்து ஒரு கிண்ணத்தின் உட்புறத்தில் தடவிக்கொண்டிருந்தார். சூளையம்மா பாய்ந்துவந்து கிண்ணத்தைப் பிடுங்கினார்.

"சிவப்பு நாடா எதுக்கு ஒட்டியிருக்கேன், அழகுக்கா? அதுல ஈயம் இருக்கு! சுவத்துக்குத்தான் அது, வாய்க்கு இல்ல. அரைவேக்காட்டுல நிக்கிற பூச்சு, சூடா எதை ஊத்தினாலும் கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு உள்ள போகும். வயித்தை முறுக்கும், கை தொங்கிப்போகும். ஆளையே முடிச்சுடும்!"

பிறகு எல்லோருக்கும் ஒன்றைக் காட்டினார். நன்றாக வெந்த கோப்பையை விளிம்பில் நகத்தால் சுண்டினார், 'ணங்' என்றது. வேகாத ஒன்றைச் சுண்டினார், 'டொக்' என்றது. "கண்ணு ஏமாத்தும், காது ஏமாத்தாது. எந்தக் கோப்பையைக் கையில எடுத்தாலும் முதல்ல சுண்டிப் பாருங்க" என்றார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். அடுப்பங்கரையில் கோப்பை கவிழ்த்து வைத்திருந்தது. நிமிர்த்திச் சுண்டினேன். டொக்.

குப்பைக்கூடையின் மூடியை மிதித்துத் திறந்தேன். கோப்பையை அதன்மேல் பிடித்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அப்போது படுக்கையறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"வாத்தியாரே, ஒரு டீ கிடைக்குமா? நீங்க போட்டாத்தான் நல்லா இருக்கு."

அந்த மாதம் அவள் என்னை ஒரு நாளைக்கு இருபது முறை அழைத்துக்கொண்டிருந்தாள். எழுப்பிவிட, தண்ணீர் கொடுக்க, தலை வார, பொத்தான் போட. அதற்குமுன் வாரத்துக்கு ஒருமுறை அழைத்திருந்தால் அதிகம். மூடியிலிருந்து காலை எடுத்தேன். தண்ணீர் வைத்தேன். கொதித்தவுடன் அணைத்தேன். கோப்பையை மாற்றவில்லை.

தங்களுக்கு வேண்டிய இடம் இதுவென்று நினைக்கிறேன். ஆனால் 'திட்டமிட்டு' என்ற சொல் இங்கே பொருந்தாது என்பதைத் தாங்களே காண்பீர்கள். நான் ஒன்றைச் செய்யவில்லை. செய்துகொண்டிருந்ததை நிறுத்தாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

மணி இரண்டு நாற்பது. மருத்துவர் மறுபடி வந்தார். "ஒரு விஷயம் புரியல சார். ஆஸ்பத்திரிக்கு வந்தப்புறம் கொஞ்சமாவது குறையணும். நாலு நாளா இங்க இருக்காங்க, எங்க சாப்பாடு, எங்க தண்ணி. ஆனா கூடிக்கிட்டே போகுது. எங்கிருந்து உள்ள போகுது? இன்னொரு வலிப்பு வந்தா தாங்க மாட்டாங்க. எதாவது தெரிஞ்சா சொல்லுங்க, கெஞ்சிக் கேக்கறேன்" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன், முறைப்படி வரும் என்றேன். அவர் தங்களைப் பார்த்தார். தாங்கள், "அவசரப்படுத்தினா கையெழுத்துப் போட மாட்டார் டாக்டர், விடுங்க" என்றீர்கள். என்னைச் சரியாகப் புரிந்துகொண்டதற்கு நன்றி.

பதினான்கு மாதம் அவளை நான் கவனித்துக்கொண்டதைப் போல வேறு எந்தக் கணவனும் கவனித்துக்கொண்டிருக்க மாட்டான். அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஊட்டிவிட்டேன். முடியைச் சிக்கெடுத்துப் பின்னக் கற்றுக்கொண்டேன். அவள் பேசும்போது குறுக்கிடுவதையும் நிறுத்திவிட்டேன். நிதானமாக, தட்டுத்தடுமாறி, அவள் தன் வாக்கியங்களை முடித்தாள். அந்தப் பதினான்கு மாதமே எங்கள் வாழ்வின் நல்ல பகுதி என்று நான் சொல்வேன். அவளே ஒருநாள், "என்னை இப்படிப் பாத்துக்குவீங்கன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே படுத்திருப்பேன்" என்றாள். இது நான் இட்டுக்கட்டியதன்று.

அளவு தெரியாமல் நடந்துகொண்டேன் என்றும் எண்ண வேண்டாம். மிகவும் தளர்ந்துபோன வாரங்களில் கோப்பையை அலமாரியில் வைத்துவிட்டு எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தேன். தெளிந்து எழுந்து உட்கார்வாள். "அடுத்த மாசம் டிக்கெட் பாக்கலாமா?" என்பாள். அன்று மாலை கோப்பையை மறுபடி எடுப்பேன்.

இரண்டரை மாதத்துக்குமுன் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். பிடித்துக்கொள்ளக் குழாயை எட்டினாள், கை பிடிக்கவில்லை. தலையில் அடி. இறப்புச் சான்றில் 'தவறி விழுந்ததால்' என்றுதான் இருக்கிறது. விழுந்தவள் அவள். அப்போது நான் அடுப்பங்கரையில், பால் பொங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் வந்தாள். மூன்று மாத விடுப்பு எடுத்திருந்தாள். அவள் தன் தாயைப் போலச் சிரிப்பவள். என்னைப் போலப் பட்டியல் போடுபவள். அம்மாவின் துணிகள் ஒரு பெட்டி, பாத்திரங்கள் ஒரு பெட்டி என்று பிரித்தாள். பெரணிக் கோப்பையைப் பஞ்சில் சுற்றி, "அம்மா கடைசி வரைக்கும் இதுலதான் குடிச்சாங்க, பட்டறையில இருந்தா அவங்களுக்குச் சந்தோஷம்" என்று ஒரு சீட்டெழுதி எடுத்துவைத்தாள். படுக்கையில் விழுவதற்கு முந்தைய நாள் பக்கத்து வீட்டம்மாவிடம் அதைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள், எனக்குத் தெரியாது. நேற்று சூளையம்மா பெட்டியைத் திறந்து கோப்பையைச் சுண்டியிருக்கிறார். அந்த 'டொக்' என்ற ஓசையில்தான் தாங்கள் என் வாசலுக்கு வந்தீர்கள்.

கடைசிப் பட்டியலில் என் பெயர் இருந்தது. ஒரு முதியோர் இல்லத்தின் விண்ணப்பத்தை அவள் முழுதும் நிரப்பியிருந்தாள், என் கையெழுத்தைத் தவிர.

"நல்ல இடம்பா. லைப்ரரி இருக்கு. நீங்க திருத்துறதுக்கு அம்பது பேர் இருக்காங்க. ஆளுக்கு ஒரு தப்புன்னாலும் உங்களுக்குப் பொழுது போயிடும்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிப்பா போவேன்?" என்றாள்.

போகாதே என்றேன். "வேலை இருக்கேப்பா" என்றாள். வேலையை விட்டுவிடு என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு வயதில் வாசற்படியில் உட்கார்ந்து எறும்புகளுக்குச் சர்க்கரை வைத்துக் காத்திருந்த குழந்தை அது. தான் உட்கார்ந்திருக்கும் வரை அவை வந்துகொண்டே இருக்கும் என்று அது நம்பியது. அந்தப் பொறுமையை யாரிடம் கற்றது என்று நினைக்கிறீர்கள்?

மணி மூன்று முப்பத்தைந்து. இனிச் சுருக்கமாக எழுதுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை பட்டறைக்குப் போய் இரண்டாவதாக ஒரு கோப்பை செய்தேன். இம்முறை இரண்டு நாளில் முடிந்தது, கை பழகியிருந்தது. ஒருபுறம் இலையொன்றைப் பதித்தேன். அந்த இலையின் விளிம்பில், ஊசிமுனையால், ஓர் எறும்பைக் கீறினேன். ஆறு காலும் இரண்டு உணர்கொம்பும் தெளிவாக இருக்க வேண்டும் என்று மூக்குக்கண்ணாடிக்குமேல் உருப்பெருக்கி வைத்துக் கீறினேன். துக்க வீட்டுக்காரர் என்று இரக்கப்பட்டுச் சூளையம்மா என்னைக் கனமான வேலை எதற்கும் விடவில்லை. புகைபோக்கித் தட்டை நானே அடுக்குகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மஞ்சள் பூச்சை, ஒருமுறைக்கு மூன்றுமுறை, உட்புறத்தில் தடவினேன்.

இந்தக் கோப்பைக்கு, தெரியாமல் செய்தேன் என்று நான் எழுத முடியாது. எழுதினால் அது பிழை. அறிந்து செய்தேன். விரும்பிச் செய்தேன். தங்கள் காவலர் எழுதிய அந்தச் சொல்லை இந்த இடத்தில் இட்டுக்கொள்ளலாம், நான் ஆட்சேபிக்கவில்லை.

அவள் எறும்பைப் பார்த்தவுடன் அழுதுவிட்டாள். "இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்களாப்பா!" என்று என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் பால் சேர்ப்பதில்லை. எலுமிச்சை பிழிந்த தேநீர்தான் குடிப்பாள். புளிப்புப் பட்டால் பூச்சு இன்னும் விரைவாகக் கரையும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் இவ்வளவு விரைவு என்று எதிர்பார்க்கவில்லை. பதினான்கு மாதம் எடுக்க வேண்டியது ஆறு வாரத்தில் வந்துவிட்டது. நான் வேண்டியது அவள் விடுப்பு முடிவதற்குள் சிறிது சுகவீனம். விமானம் ஏற முடியாத அளவு, அவ்வளவே. வலிப்பை நான் கேட்கவில்லை. நேற்று அவள் பற்கள் கிட்டியபோது அவள் தலையைத் தாங்கியிருந்தவன் நான்தான். என் சட்டைக் கையைப் பாருங்கள், இன்னும் மாற்றவில்லை. அவள் உயிருக்காக இந்த உலகில் என்னைவிடத் தவிப்பவர் யாருமில்லை. குணமானதும் வீட்டுக்கு அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு அனுபவம் இருக்கிறது.

தாங்கள் கேட்ட கேள்விக்குரிய விடை இத்துடன் முடிகிறது. மருத்துவர் கேட்ட கேள்வி ஒன்று பாக்கி.

சேர்த்த அன்று மாலை, இங்கே கொடுக்கும் பிளாஸ்டிக் டம்ளரில் மருந்து வாடை வீசுகிறது என்று மகள் முகத்தைச் சுளித்தாள். "வீட்டிலிருந்து என் கோப்பையைக் கொண்டு வாங்கப்பா. அதுல குடிச்சாத்தான் குடிச்ச மாதிரி இருக்கும்" என்றாள். நோயாளி கேட்டதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் கட்டிலின் இடப்பக்கச் சிறிய அலமாரிமேல், தண்ணீர்ச் செம்புக்குப் பின்னால் அது இருக்கிறது. இங்கே வருவதற்கு முன், எலுமிச்சை பிழிந்த தேநீரைப் பிளாஸ்க்கில் நிரப்பி வைத்துவிட்டு வந்தேன். கை நடுங்குவதால் அவளால் ஊற்றிக்கொள்ள முடியாது. தாதி ஊற்றிக் கொடுப்பார். நல்ல பெண், நேரம் தவற மாட்டார். நான்கு மணிக்கு.

கடிகாரத்தில் இப்போது மூன்று ஐம்பத்தெட்டு. யாராவது மாடிக்குப் போவது நல்லது. நானே எப்போதோ போயிருப்பேன். முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னவர் தாங்கள்தாம்.